சூட்ஸ் (தொலைக்காட்சித் தொடர்)

சூட்ஸ் என்பது நியூயார்க் நகரின் பெருநிறுவனச் சட்ட அலுவலகம் ஒன்றைக் களமாகக் கொண்ட அமெரிக்கச் சட்ட நாடகத் தொலைக்காட்சித் தொடர் ஆகும். ஆரன் கோர்ஷ் உருவாக்கிய இத்தொடர், யுஎஸ்ஏ நெட்வொர்க் அலைவரிசையில் 2011 சூன் 23 அன்று தொடங்கி 2019 செப்டம்பர் 25 அன்று நிறைவடைந்தது. 9 பருவங்களில் மொத்தம் 134 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின.

சட்டக் கல்லூரியில் ஒருநாளும் படிக்காத மைக் ராஸ் என்ற இளைஞன், ஹார்வர்டில் பட்டம் பெற்றவனாக நடித்து மன்ஹாட்டனின் முன்னணிச் சட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். அவனுக்குப் பட்டம் இல்லை என்பதை அறிந்தே வேலைக்கு எடுக்கிறார் ஹார்வி ஸ்பெக்டர் என்ற மூத்த வழக்கறிஞர். இந்த ஒரு பொய்யும் அதைக் காக்க அடுத்தடுத்துச் சொல்லப்படும் பொய்களுமே தொடரின் அச்சு. திறமை இருந்தால் போதுமா, உரிமம் எதற்கு என்பதே தொடர் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்வி.

ஒளிபரப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆம் ஆண்டில் இத்தொடர் இணைய ஓடை தளங்களில் எதிர்பாராத மறுவாழ்வு பெற்றது. அவ்வாண்டு அமெரிக்காவில் மிக அதிக நேரம் பார்க்கப்பட்ட தொடராக நீல்சன் நிறுவனம் இதைக் கணக்கிட்டது.

பெயர்க்காரணம்

ஆங்கிலத்தில் 'சூட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த உடை. மற்றொன்று நீதிமன்றத்தில் தொடரப்படும் வழக்கு. தொடரின் தலைப்பு இரண்டையும் ஒருங்கே குறிக்கிறது. ஹார்வி அணியும் விலையுயர்ந்த உடைகள் தொடரின் அடையாளமாகவே ஆயின. முதல் அத்தியாயத்திலேயே மைக்கின் மலிவான உடையைப் பார்த்து, நல்ல உடை வாங்கும்படி ஹார்வி அறிவுறுத்துகிறார். உடை மாறினால் ஆளும் மாறிவிட்டதாக உலகம் நம்புகிறது என்பது இக்கதையின் அடிப்படைகளுள் ஒன்று.

கதைச்சுருக்கம்

மைக் ராஸ் ஒருமுறை படித்ததை மறக்காதவன். தேர்வு வினாத்தாள் ஒன்றை விற்ற விவகாரத்தில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவன். அதன் பிறகு சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பிறருக்காக எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறான். நண்பனுக்காகக் கஞ்சாப் பெட்டியுடன் விடுதி ஒன்றுக்குச் செல்லும்போது அது காவல்துறை விரித்த வலை என்று தெரிந்து ஓடுகிறான். ஓடி நுழைந்த இடம், ஹார்வி ஸ்பெக்டர் புதிய இளநிலை வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்க நேர்காணல் நடத்தும் அறை. ஹார்வர்டில் படித்தவர்களை மட்டுமே எடுக்கும் பியர்சன் ஹார்ட்மன் நிறுவனத்திற்கு ஹார்வர்டைப் பார்த்திராத மைக்கை ஹார்வி தேர்ந்தெடுக்கிறார்.

முதல் மூன்று பருவங்கள் இந்த இரகசியத்தைக் காப்பதிலும் நிறுவனத்திற்குள் நடக்கும் அதிகாரப் போட்டியிலும் நகர்கின்றன. நிறுவனத்தின் பணத்தைக் கையாடிய டேனியல் ஹார்ட்மன் திரும்பி வந்து தலைமையைப் பிடிக்க முயல்வதும், எட்வர்ட் டார்பி என்ற பிரித்தானிய வழக்கறிஞரின் நிறுவனத்துடன் இணைவதும் இக்காலத்தின் முக்கிய நிகழ்வுகள். மூன்றாம் பருவத்தின் முடிவில் மைக் வழக்கறிஞர் தொழிலை விட்டு முதலீட்டு வங்கியாளர் ஆகிறான். ஆனால் நான்காம் பருவத்திலேயே திரும்பி வருகிறான். இரகசியத்தைக் கண்டுபிடிக்கும் லூயிஸ் லிட், அதைக் காப்பதற்கு விலையாக நிறுவனத்தின் பெயரில் தன் பெயரையும் சேர்க்கச் செய்கிறார்.

ஐந்தாம் பருவத்தில் பொய் வெளிப்படுகிறது. மோசடிக்குச் சதி செய்ததாக மைக் கைது செய்யப்படுகிறான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அனிட்டா கிப்ஸ், மைக்கை மட்டுமல்லாமல் அவனுக்குத் துணைநின்ற அனைவரையும் குறிவைக்கிறார். தன்னால் மற்றவர்கள் சிறை செல்லக்கூடாது என்று எண்ணி, தீர்ப்பு வருவதற்கு முன்பே மைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையை ஏற்கிறான். ஜூரி அவனை விடுவிக்கவே முடிவு செய்திருந்தது என்பது பின்னர் தெரியவருகிறது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கூட்டமாக வெளியேற, அலுவலகம் வெறிச்சோடுகிறது.

ஆறாம் பருவம் டான்பரி சிறையில் தொடங்குகிறது. சக கைதி ஒருவரைப் பற்றிய தகவலைப் பெற உதவுவதன் மூலம் மைக் முன்கூட்டியே விடுதலை பெறுகிறான். பருவத்தின் இறுதியில், வழக்கறிஞர்களின் நடத்தையை ஆராயும் குழுவின் முன் நின்று, முதன்முறையாக உண்மையான வழக்கறிஞராகப் பதிவு பெறுகிறான். ஏழாம் பருவத்தின் முடிவில் மைக்கும் ரேச்சலும் மணம் செய்துகொண்டு, பெருநிறுவனங்களுக்கு எதிராக மக்கள் தொடரும் வழக்குகளை நடத்த சியாட்டில் செல்கின்றனர்.

எட்டாம் பருவத்தில் ரேச்சலின் தந்தை இராபர்ட் சேன் நிறுவனத்தில் இணைகிறார். கட்சிக்காரரின் இரகசியத்தை ஹார்வி மீறிய பழியைத் தானே ஏற்று உரிமத்தை இழக்கிறார். ஒன்பதாம் பருவத்தில் நிறுவனத்தின் நடத்தையைச் சீர்செய்ய ஃபே ரிச்சர்ட்சன் என்ற வெளி அதிகாரி நியமிக்கப்படுகிறார். இறுதியில் ஹார்வியும் டோனாவும் மணம் செய்துகொண்டு மைக்குடன் பணியாற்ற சியாட்டில் செல்ல, லூயிஸ் நிறுவனத்தின் தலைவராக எஞ்சுகிறார்.

முதன்மைக் கதைமாந்தர்

ஹார்வி ஸ்பெக்டர் (கேப்ரியல் மாக்ட்): நகரின் சிறந்த பேரப்பேச்சாளர் என்று பெயர் பெற்றவர். வழக்கை நீதிமன்றத்தில் வெல்வதைவிட, எதிராளி நீதிமன்றத்திற்கு வராமலே கையொப்பமிடச் செய்வதே இவரது பாணி. உணர்ச்சியைக் காட்டாத இவரது பின்னணியில் தாயின் துரோகமும் அதனால் ஏற்பட்ட காயமும் இருப்பது மெல்ல வெளிப்படுகிறது.

மைக் ராஸ் (பேட்ரிக் ஜே. ஆடம்ஸ்): சிறுவயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவன். சட்ட நூல்கள் மனப்பாடம். ஆனால் நீதிமன்ற நடைமுறையும் அலுவலக நடைமுறையும் புதிது. ஏழைக் கட்சிக்காரர் என்றால் மனம் இளகுபவன்.

லூயிஸ் லிட் (ரிக் ஹாஃப்மன்): இளநிலை வழக்கறிஞர்களை மேற்பார்வையிடுபவர். நிதிக் கணக்குகளில் வல்லவர். தொடக்கத்தில் வில்லனாகவும் கேலிக்குரியவராகவும் தெரியும் இவர், போகப்போகத் தொடரின் மிக நுட்பமான பாத்திரமாக வளர்கிறார். தன்னை யாரும் மதிக்கவில்லை என்ற ஏக்கமே இவரது நன்மைக்கும் தீமைக்கும் காரணம்.

டோனா பால்சன் (சாரா ராஃபர்டி): ஹார்வியின் செயலாளர். அலுவலகத்தில் நடக்கும் அனைத்தையும் அறிந்தவர். பின்னர் நிறுவனத்தின் தலைமை இயக்க அதிகாரி ஆகிறார்.

ரேச்சல் சேன் (மேகன் மார்க்கல்): சட்ட உதவியாளர். வேலையில் வழக்கறிஞர்களுக்கு நிகரானவர் என்றாலும் நுழைவுத் தேர்வு பதற்றத்தால் கல்லூரியில் சேர முடியாதவர். பின்னர் கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்து வழக்கறிஞர் ஆகிறார். குறுக்கு வழியில் வந்த மைக்குக்கு நேர்வழியில் வந்த ரேச்சல் ஓர் எதிர்நிலை.

ஜெசிகா பியர்சன் (ஜீனா டோரஸ்): நிறுவனத்தின் நிர்வாகப் பங்குதாரர். ஹார்வியைச் சட்டம் படிக்க வைத்து வளர்த்தவர். ஆறாம் பருவத்தில் நிறுவனத்தை விட்டு சிகாகோ செல்கிறார்.

பிற்பருவங்களில் அலெக்ஸ் வில்லியம்ஸ் (டியூலே ஹில்), சமந்தா வீலர் (கேத்தரின் ஹைகல்), கத்ரீனா பென்னட் (அமாண்டா ஷல்) ஆகியோர் முதன்மைக் கதைமாந்தராக இணைந்தனர்.

உருவாக்கம்

ஆரன் கோர்ஷ் எழுத்துத் துறைக்கு வருவதற்கு முன் வால் ஸ்ட்ரீட்டில் முதலீட்டு வங்கித் துறையில் பணியாற்றியவர். அந்த அனுபவத்தை வைத்து அரை மணி நேரத் தொடர் ஒன்றை எழுதவே முதலில் எண்ணினார். எழுதத் தொடங்கிய பின் அது ஒரு மணி நேரத் தொடருக்கான கதையாக வளர்ந்தது. வங்கியாளர்களாக இருந்த பாத்திரங்கள் பின்னர் வழக்கறிஞர்களாக மாற்றப்பட்டனர்.

இந்த மாற்றம் சிறியதாகத் தெரிந்தாலும் தொடரின் வடிவத்தையே தீர்மானித்தது. பட்டம் இல்லாத ஒருவர் வங்கியில் வேலை பார்த்தால் அது தன்விவரக் குறிப்பில் சொன்ன பொய். வேலை போகும், அவ்வளவே. உரிமம் இல்லாதவர் வழக்கறிஞராகத் தொழில் செய்வது குற்றம். அவர் கையாண்ட ஒவ்வொரு வழக்கும் கேள்விக்கு உள்ளாகும். இரகசியம் தெரிந்த ஒவ்வொருவரும் உடந்தையாவர். எனவே ஒவ்வொரு பருவத்திலும் உண்மையை அறிபவர்களின் எண்ணிக்கை கூடக்கூட, ஆபத்தும் தானாகவே கூடுகிறது.

முதல் அத்தியாயம் வழக்கத்தைவிட நீளமானது. கெவின் பிரே இயக்கிய அது நியூயார்க்கில் படமாக்கப்பட்டது. அதன் பின் கதை நியூயார்க்கிலேயே நடந்தாலும் படப்பிடிப்பு கனடாவின் டொராண்டோ நகருக்கு மாறியது. தொடரின் தொடக்கப் பாடல் இமா ரோபோ என்ற இசைக்குழுவின் 'கிரீன்பேக் பூகி'. பின்னணி இசையை கிறிஸ்டோஃபர் டிங் அமைத்தார்.

நிறுவனத்தின் படிநிலையும் பெயர்ப்பலகையும்

அமெரிக்கப் பெருநிறுவனச் சட்ட அலுவலகங்களின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் தொடரின் மோதல்கள் எளிதில் புரியும். அடிப்படியில் இருப்பவர்கள் சம்பளத்திற்கு வேலை செய்யும் இளநிலை வழக்கறிஞர்கள். வேலைப்பளுவில் பெரும்பகுதி இவர்கள் தலையில்தான். கட்சிக்காரரிடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவதால் இவர்கள் வேலை செய்யும் ஒவ்வொரு மணிநேரமும் பதிவு செய்யப்படும். பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர்களுள் சிலர் பங்குதாரர் ஆவர். பங்குதாரர் என்றால் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். இலாபத்தில் பங்கு உண்டு, முதலும் போட வேண்டும். அனைவருக்கும் மேலே இருப்பவர் நிர்வாகப் பங்குதாரர்.

பெயர்ப்பலகையில் பெயர் இடம்பெறுவது இந்தத் தொழிலின் உச்ச மரியாதை. தொடரில் அதிகாரம் கைமாறும் ஒவ்வொரு முறையும் பலகையும் மாறுகிறது. பியர்சன் ஹார்ட்மன் என்று தொடங்கிய நிறுவனம் பியர்சன் டார்பி, பியர்சன் டார்பி ஸ்பெக்டர், பியர்சன் ஸ்பெக்டர், பியர்சன் ஸ்பெக்டர் லிட் என்று மாறிச் சென்று, இறுதியில் லிட் வீலர் வில்லியம்ஸ் பென்னட் ஆகிறது. முதல் பலகையில் இருந்த ஒரு பெயர்கூடக் கடைசிப் பலகையில் இல்லை.

டோனா பங்குதாரர் பதவி கேட்பதும் இறுதியில் தலைமை இயக்க அதிகாரி ஆவதும் ஏழாம் பருவத்தின் ஒரு கிளைக்கதை. இதற்கு உண்மையான சட்டப் பின்னணி உண்டு. நியூயார்க்கின் வழக்கறிஞர் நடத்தை விதி 5.4, வழக்கறிஞர் அல்லாதவர் சட்ட நிறுவனத்தில் உரிமைப் பங்கு வைத்திருப்பதைத் தடை செய்கிறது. கட்சிக்காரரின் நலனைவிட முதலீட்டாளரின் இலாபம் முன்னுக்கு வந்துவிடக்கூடாது என்பதே இவ்விதியின் நோக்கம்.

தொடரும் நடைமுறைச் சட்டமும்

உரிமம் இல்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்வதை நியூயார்க் மாநில நீதித்துறைச் சட்டத்தின் 478 ஆம் பிரிவு தடை செய்கிறது. 485 ஆம் பிரிவின்படி இது சிறு குற்ற வகையைச் சேர்ந்தது. பிறருக்குப் பண இழப்போ சட்ட உரிமைக்குப் பெரும் பாதிப்போ ஏற்பட்டால் 485-ஏ பிரிவின்கீழ் பெருங்குற்றம் ஆகிறது. இவை மாநிலச் சட்டங்கள். தொடரில் மைக் மீது சுமத்தப்படுவது மோசடிச் சதி என்ற வேறு குற்றச்சாட்டு.

மைக் பந்தயத்திற்காக வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றவன் என்று முதல் அத்தியாயத்தில் சொல்லப்படுகிறது. ஆனால் தேர்வு மட்டும் உரிமம் தராது. நியூயார்க்கில் பொதுவாக மூன்றாண்டுச் சட்டக் கல்லூரிப் படிப்பு வேண்டும். வழக்கறிஞர் அலுவலகத்தில் பயின்று தேர்வு எழுதும் பழைய வழி அங்கு இன்றும் உள்ளது. எனினும் அதற்கும் சட்டக் கல்லூரியில் முதலாண்டை முடித்திருக்க வேண்டும். அதன் பிறகு நடத்தை ஆய்வுக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே ஆறாம் பருவத்தில் மைக் உரிமம் பெறும் விதம், கதைக்காக எடுத்துக்கொண்ட சுதந்திரமே.

பொய் வழக்கறிஞரால் உண்மையில் யாருக்கு நட்டம் என்பதைத் தொடர் பெரும்பாலும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. மைக் திறமைசாலி, கட்சிக்காரர்கள் வென்றார்கள், பிறகென்ன என்ற கேள்வி தொடரில் எழுகிறது. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983 ஆம் ஆண்டிலேயே இதே போன்ற நிலையைச் சந்தித்தது. சோலினா எதிர் ஐக்கிய அமெரிக்கா என்ற அவ்வழக்கில், வங்கிக் கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்டவருக்காக வாதாடியவர் சட்டப் பட்டம் பெற்றவர். ஆனால் தகுதித் தேர்வில் தேறாதவர். அவர் நன்றாக வாதாடினாரா என்பதை ஆராயாமலே நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. தன் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்துடன் வாதாடுபவரால் கட்சிக்காரருக்காக முழுமனதுடன் போராட முடியாது என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. ஒவ்வொரு பருவத்திலும் மைக்கை வாட்டுவதும் இதே அச்சம்தான்.

ஹார்வியின் நிலையும் எளிதானதல்ல. உரிமம் இல்லாதவர் தொழில் செய்யத் துணைபோவதை விதி 5.5 தடை செய்கிறது. சக வழக்கறிஞரின் நேர்மையைப் பற்றிக் கடுமையான ஐயம் எழுப்பும் மீறலை அறிந்தவர் அதை உரிய அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி 8.3. எனவே உண்மையில் நடந்திருந்தால், ஹார்வி, ஜெசிகா, லூயிஸ் ஆகிய மூவரின் உரிமமும் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கும்.

வேறு சில இடங்களிலும் தொடர் நடைமுறையிலிருந்து விலகுகிறது. நிறுவன இணைப்பு, காப்புரிமை, கொலை வழக்கு அனைத்தையும் ஒரே ஆள் கையாள்வதில்லை. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஒரே கல்லூரியிலிருந்து மட்டும் ஆள் எடுக்கும் வழக்கமும் இல்லை. தொடரில் ஓர் இரவில் படித்து முடிக்கும் ஆவணங்களைப் புரட்ட உண்மையில் ஒரு குழுவுக்கு மாதங்கள் ஆகலாம். அதே சமயம், பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே சமரசத்தில் முடிவதாகக் காட்டுவது உண்மைக்கு நெருக்கமானது. அமெரிக்க உரிமையியல் வழக்குகளில் மிகச் சிலவே தீர்ப்பு வரை செல்கின்றன.

ஒளிபரப்பும் வரவேற்பும்

முதல் பருவத்தில் 12 அத்தியாயங்களும், இரண்டாம் பருவம் முதல் எட்டாம் பருவம் வரை தலா 16 அத்தியாயங்களும், இறுதிப் பருவத்தில் 10 அத்தியாயங்களும் வெளிவந்தன. பெர்ன் நோட்டீஸ், ஒயிட் காலர், ராயல் பெயின்ஸ் போன்ற இலகுவான, வெளிச்சம் மிகுந்த தொடர்களால் யுஎஸ்ஏ நெட்வொர்க் புகழ்பெற்றிருந்த காலத்தில் சூட்ஸ் அறிமுகமானது. மைக் ராஸ் பாத்திரத்திற்காக பேட்ரிக் ஜே. ஆடம்ஸ் 2012 ஆம் ஆண்டின் திரை நடிகர் சங்க விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

ஏழாம் பருவத்துடன் ஆடம்ஸ், மார்க்கல் இருவரும் தொடரிலிருந்து விலகினர். அப்பருவத்தின் இறுதி அத்தியாயம் 2018 ஏப்ரல் 25 அன்று ஒளிபரப்பானது. அடுத்த மாதம், மே 19 அன்று, மேகன் மார்க்கல் பிரித்தானிய இளவரசர் ஹாரியை மணந்தார். மார்க்கலின் முழுப்பெயரிலும் முதற்பெயர் ரேச்சல் என்பது குறிப்பிடத்தக்கது.

2023 இல் மறுவாழ்வு

2023 சூன் மாதம் சூட்ஸின் முதல் எட்டுப் பருவங்கள் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் சேர்க்கப்பட்டன. ஒன்பதாம் பருவம் உட்பட அனைத்தும் பீகாக் தளத்தில் இருந்தன. சில நாட்களிலேயே தொடர் பார்வைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றது. வாரத்திற்கு 300 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்க்கப்பட்ட வாரங்களும் உண்டு. ஆண்டு முழுவதும் சேர்த்து 5,770 கோடி நிமிடங்கள் பார்க்கப்பட்டதாக நீல்சன் அறிவித்தது. இதற்கு முன் 2020 இல் 'தி ஆஃபீஸ்' தொடர் பெற்றிருந்த 5,710 கோடி நிமிடச் சாதனையை இது முறியடித்தது.

நிறைய அத்தியாயங்கள் இருப்பது, எங்கிருந்து தொடங்கினாலும் புரிவது, இளவரசர் திருமணத்தால் பரவிய மார்க்கலின் புகழ் ஆகியவை இவ்வெற்றிக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தங்களால் புதிய தொடர்களின் படப்பிடிப்பு நின்றிருந்த ஆண்டும் அதுவே.

எழுத்தாளர் ஊதியச் சர்ச்சை

அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை நீடித்தது. மறு ஒளிபரப்புக்கு எழுத்தாளருக்குக் கிடைக்கும் தொகை, இணைய ஓடை காலத்தில் சுருங்கிவிட்டது என்பது அவர்களின் முக்கியக் குறைகளுள் ஒன்று. சூட்ஸ் இதற்கு ஒரு கண்கூடான எடுத்துக்காட்டாக அமைந்தது. தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவரான ஈத்தன் ட்ரோகின், தாம் எழுதிய 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' என்ற அத்தியாயத்திற்கு ஒரு காலாண்டில் இணைய ஓடை வழியாகக் கிடைத்த தொகை 259.71 டாலர் என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். கோடிக்கணக்கான நிமிடங்கள் பார்க்கப்படும் தொடரை எழுதியவருக்குக் கிடைப்பது இவ்வளவுதானா என்ற கேள்வி பரவலாக எழுந்தது.

மரபான தொலைக்காட்சியில் ஓர் அத்தியாயம் மறுபடி ஒளிபரப்பாகும்போதெல்லாம் எழுத்தாளருக்குப் பணம் வரும். இணைய ஓடையில் தளம் ஒட்டுமொத்தமாக உரிமத் தொகை செலுத்திவிடுகிறது. எத்தனை பேர் பார்த்தாலும் அத்தொகை மாறாது. வேலைநிறுத்தத்தின் முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், பார்வையாளர் எண்ணிக்கையைச் சார்ந்த கூடுதல் ஊதியம் முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால் அது இணைய ஓடைக்கென்றே தயாரிக்கப்படும் படைப்புகளுக்கானது. சூட்ஸ் போல, தொலைக்காட்சியில் முதலில் வெளிவந்து பின்னர் தளங்களுக்கு உரிமம் அளிக்கப்பட்ட தொடர்களுக்கு அது பொருந்தாது.

கிளைத்தொடர்களும் மறு ஆக்கங்களும்

ஜெசிகா பியர்சனை மையமாகக் கொண்ட 'பியர்சன்' என்ற கிளைத்தொடர் 2019 சூலை 17 அன்று தொடங்கியது. சிகாகோ நகர அரசியலைக் களமாகக் கொண்ட இது 10 அத்தியாயங்களுடன் ஒரே பருவத்தில் முடிந்தது. 2023 வெற்றியைத் தொடர்ந்து என்பிசி அலைவரிசை 'சூட்ஸ் எல்ஏ' என்ற தொடரை 2025 பிப்ரவரி 23 அன்று தொடங்கியது. ஸ்டீபன் அமெல் நடித்த இதில் கேப்ரியல் மாக்ட் ஹார்வியாகச் சிறப்புத் தோற்றத்தில் வந்தார். போதிய வரவேற்பு இல்லாததால் இதுவும் ஒரு பருவத்துடன் நிறுத்தப்பட்டது.

தென் கொரியாவில் கேபிஎஸ் நிறுவனம் 2018 இல் 16 அத்தியாயங்களாக மறு ஆக்கம் செய்தது. சாங் டாங்-கன், பார்க் ஹியுங்-சிக் முதன்மை வேடங்களில் நடித்தனர். அதே ஆண்டு சப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் யூஜி ஓடா நடித்த மறு ஆக்கம் வெளிவந்தது. அதன் இரண்டாம் பருவம் 2020 இல் ஒளிபரப்பானது. எகிப்தில் ஆசர் யாசின், அகமது தாவூத் நடித்த அரபு மொழி ஆக்கம் 2022 ரமலான் மாதத்தில் வெளிவந்தது. நீதிமன்ற முறையும் சட்டக் கல்வி முறையும் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், பட்டமில்லாத மேதையும் அவனை அறிந்தே சேர்த்துக்கொள்ளும் மூத்தவரும் என்ற மையக்கரு எல்லா ஆக்கங்களிலும் மாறாமல் தொடர்கிறது.